கால் மோல் உப்பு

டீச்சரிடம் வெறும் எண்ணைச் சொல்லிவிட்டு நகர முடியாது. ரசத்துக்கு உப்பு ரெண்டு ஸ்பூன் போட்டாயிற்று என்று சொன்னால், அடுப்பை அணைக்கப் போன கையை அப்படியே நிறுத்தி, "கல்லுப்புங்களா, தூளுப்புங்களா சிஸ்டர்?" என்பார். பதில் வரும்வரை அசையமாட்டார். ரசம் பொங்கி வழிந்தாலும் அசையமாட்டார். "ஒரு ஸ்பூன் கல்லுப்புல பாதி எடம் காத்துதாங்க. ரெண்டுன்னு மட்டும் சொன்னா நான் எதைன்னு எடுத்துக்கறது?"

தொண்ணூறுகளின் கடைசியில் கொல்லிமலையில் நானும் அவரும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். நான் அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தாராபுரம் பக்கத்திலிருந்து மாற்றலாகி மலையேறியவள். அவர் மலை மேலிருந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கீழே இருந்து வந்த பெண்களுக்குத் தனித்தனியாக வீடு கிடைக்காததால், இரண்டு அறை ஓட்டு வீடு ஒன்றில் ஆளுக்கொரு அறையாகப் பிரித்துக்கொண்டோம். அவர் என்னை சிஸ்டர் என்றார், நான் அவரை டீச்சர் என்றேன். கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இங்கேயும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒல்லியான உயரமான உடம்பு. முந்தானையைத் தலையில் போட்டு இடது தோளில் செருகியிருப்பார். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒருமுறை உள்ளங்கையில் ஏற்றி இறக்கிப் பார்ப்பார். தக்காளி, சோப்பு, வீட்டுக்கு வந்தவர்களின் கைக்குழந்தை, எல்லாவற்றுக்கும் அதேதான். தடுப்பூசி போட வந்த குழந்தையை ஒருநாள் அப்படித் தூக்கி இறக்கி, "போன மாசத்தை விடக் குறைஞ்சிருக்கானுங்க, பாருங்க" என்றார். தராசில் வைத்தேன். குறைந்துதான் இருந்தான்.

அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் அவருடைய அப்பாவுக்கு மிளகு வியாபாரம். அப்பாவை டீச்சர் அத்தா என்பார். மலையிலிருந்து இறங்கும் மூட்டையை நிறுப்பதற்கு முன் அத்தா நாலு மிளகைப் பல்லில் வைத்துக் கடிப்பாராம். டக்கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் ஈரம். "தராசுக்கு மிளகும் தண்ணியும் ஒண்ணுதாங்க சிஸ்டர். ரெண்டையும் சேத்து நிறுத்துக் காட்டிட்டுச் சும்மா நிக்கும். உள்ள என்ன இருக்குன்னு நாமதான் கேக்கோணும்." சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்ததால்தான் வேதியியல் எடுத்தாரா என்று ஒருமுறை கேட்டேன். "அப்படியெல்லாம் இல்லீங்க. கல்லூரியில அந்த ஒரு எடம்தான் காலியா இருந்துச்சு" என்றார்.

மோல் என்ற சொல்லை நர்சிங் படிக்கும்போது நானும் கேட்டிருக்கிறேன். மனப்பாடம் செய்து எழுதினேன், புரியவில்லை. சந்தைக்குப் போன ஒருநாள் பலாப்பழக் குவியலுக்குப் பக்கத்தில் எலுமிச்சை விற்றுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அங்கேயே நின்று ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு டஜன் பலாப்பழமும் ஒரு டஜன் எலுமிச்சையும் எடை ஒண்ணா இருக்குங்களா?"

"எப்படிங்க இருக்கும்?"

"ஆனா பன்னண்டு புள்ளைங்களுக்கு ஆளுக்கொண்ணு தரோணும்னா ரெண்டுலயும் ஒரு டஜன்தான வேணும்? உப்பு, அமிலம் எல்லாம் அப்படித்தாங்க. இதுல ஒரு துகள் அதுல ஒரு துகளோட ஜோடி சேரும். ஜோடி சேர எடை ஒண்ணா இருந்தாப் பத்தாது. எண்ணிக்கை ஒண்ணா இருக்கோணும். கண்ணுக்குத் தெரியாததை எண்ண முடியாதில்லீங்க, அதனால நிறுக்கறோம். நிறுத்து, அந்தப் பொருள் ஒரு மோலுக்கு எத்தனை கிராமோ அதால வகுத்தா, எத்தனை மோல்னு வந்துரும். மோல்ங்கறது ஒரு பெரிய டஜன். அவ்வளவுதாங்க."

பலாப்பழக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அம்மிணி, பழம் வேணுமா வேண்டாமா?" என்று கேட்டார்.

இதில் எல்லாமே சிரிப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பையன் கணக்குக்கு விடை 'அரை' என்று சொல்லியிருக்கிறான். "எது அரை?" என்று கேட்டிருக்கிறார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மணியடிக்கும்வரை வகுப்பு முழுவதும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவனுடைய அப்பா தலைமையாசிரியரிடம் போய்ச் சத்தம் போட்டார். டீச்சர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. என்னிடம் வந்து, "மருந்துச் சீட்டுல அரைன்னு மட்டும் எழுதியிருந்தா நீங்க என்னத்தைக் குடுப்பீங்க சிஸ்டர்?" என்று கேட்டார். எனக்கு அந்தப் பையன் மேல்தான் பாவமாக இருந்தது. இந்தப் பெண்ணோடு ஒருவர் குடும்பம் நடத்த முடியுமா என்று கூட அன்றைக்கு நினைத்தேன்.

ஐப்பசியில் மலையில் மழை பிடித்தால் விடாது. துணி காயாது, தீக்குச்சி பற்றாது, பாட்டில்களில் ஒட்டிய சீட்டுகள் ஊறிக் கழன்று விழும். அதனால் டீச்சர் தன் ஆய்வகத்தில் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் பெயரெழுதிய அட்டையை நூலால் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அந்த ஐப்பசியில் ஆறாம் வகுப்பின் கூரை ஒழுகியது. பிள்ளைகளைத் தற்காலிகமாக ஆய்வகத்தில் உட்கார வைத்தார்கள்.

மதியம் தாண்டி மூன்று மணி இருக்கும். நான் ஒரு கிழவருக்குக் காயம் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்று சிறுமிகளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். மூன்று பேருக்கும் வாந்தி, பேதி. ஒருத்தி, "வாயைச் சுத்தி எறும்பு ஊருதுங்க" என்று அழுதாள். இன்னொருத்தியைக் கீழே இறக்கி நிற்க வைத்தால் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். விடுதிச் சாப்பாடுதான் என்று வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் டாக்டர் தஞ்சாவூர்க்காரர், சின்ன வயது, வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. நாடியைப் பிடித்தவர் முகம் மாறியது. "சாப்பாட்டுக் கோளாறுல கால் ஏன் இப்படித் துவளுது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். முந்தானைக்குள் ஒரு பாட்டிலைப் பொத்திக்கொண்டு, தெப்பலாக நனைந்து, நடந்து வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார்.

"சாப்பாடு இல்லீங்க சார். இது. பேரியம் குளோரைடு. விஷம். நெல்லிக்காய்க்கு உப்புன்னு தொட்டுத் தின்னிருக்காங்க. கடிச்ச நெல்லிக்காய் பாட்டில் பக்கத்துலயே கெடந்துச்சு."

பாட்டிலில் வெள்ளை வெளேரென்று உப்புதான் தெரிந்தது. சீட்டு இல்லை. கழுத்தில் அட்டையும் இல்லை.

டாக்டர் அலமாரியிலிருந்து விஷங்களைப் பற்றிய புத்தகத்தை இழுத்துப் புரட்டினார். போனை எடுத்தார், மழையில் லைன் செத்துக் கிடந்தது. "மெக்னீசியம் சல்பேட். பேதி உப்பு. சிஸ்டர், இருக்கா?" என்றார். இருந்தது. ஊசி போட்ட இடம் வீங்கினால் கிளிசரினில் குழைத்துப் போடுவதற்காக ஒரு ஜாடியில் வைத்திருந்தேன். எடுத்து வந்து ஸ்பூனைப் போட்டேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இது தண்ணி இருக்கற உப்புங்களா, வறுத்த உப்புங்களா?"

ஜாடியின் எழுத்தெல்லாம் கிளிசரின் பட்டு அழிந்து போயிருந்தது. எனக்குத் தெரியவில்லை.

"கையை விடுங்கம்மா!" என்று டாக்டர் கத்தினார். "புள்ளைங்க சாகுது, இப்ப இந்த ஆராய்ச்சியா?"

டீச்சர் விடவில்லை. "இந்த உப்புக்குள்ள தண்ணி இருந்துச்சுன்னா எடையில பாதிக்கு மேல தண்ணிதானுங்க சார். வறுத்ததா இருந்தா அதே ஸ்பூன்ல ரெண்டு பங்கு உப்பு உள்ள போயிரும். அது தாங்குங்களா?"

மெக்னீசியம் அளவுக்கு மிஞ்சினால், ஏற்கெனவே துவண்டு கிடக்கிற பிள்ளைக்கு மூச்சே நின்றுபோகலாம் என்பது டாக்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சிறுநீர் சோதிக்க வைத்திருந்த கண்ணாடிக் குழாயில் டீச்சர் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். மூன்று பிள்ளைகளும் முனகிக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ ஒரு தாய் கதவைத் தட்டி அழுதாள். குழாயின் வாய்ப்பக்கம் மங்கலானது. பிறகு பொடிப்பொடியாக நீர் முத்துகள் கட்டின.

"தண்ணி இருக்குங்க. அப்ப ஒரு மோல் இருநூத்தி நாப்பத்தாறு கிராம். புள்ளைங்க தின்னதுல ஒரு மோல் இருநூத்தி நாப்பத்தி நாலு. ஏறக்குறைய ஒண்ணுதாங்க சார். ஒரு கிராம் தின்னவளுக்கு இது ஒரு கிராம் குடுத்தா ஜோடிக்கு ஜோடி சரியாப் போகும். பேரியத்தைக் கட்டி மண்ணு மாதிரி ஆக்கிரும். கொஞ்சம் கூடவே குடுக்கலாம்."

டாக்டர் முதல் வேளைக்கு அளவு சொன்னார். நான் கலக்கி மூவருக்கும் புகட்டினேன்.

"எவ்வளவு தின்னாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று டாக்டர் கேட்டார். குரல் தணிந்திருந்தது.

"வர்றதுக்கு முன்னாடி பாட்டிலைக் கொட்டி நிறுத்துட்டுத்தாங்க வந்தேன்."

டாக்டர் அவரையே பார்த்தார். பிள்ளைகள் சுருண்டு விழுந்துகொண்டிருக்கும்போது இந்தப் பெண் தராசின் முன்னால் நின்றிருக்கிறாள்.

"புது பாட்டிலுங்க, ஐநூறு கிராம். போன வாரம் நான் கரைசல் பண்ணக் கால் மோல் எடுத்தேன். கால் மோல்னா அறுபத்தொரு கிராம். மிச்சம் நானூத்தி முப்பத்தொம்பது இருக்கோணும். நானூறுதான் இருக்கு."

மூன்று பேரில் கொஞ்சம் தெளிவாக இருந்தவளிடம் சமையல் உப்பைக் கொடுத்து, தான் எவ்வளவு எடுத்தாள் என்று காட்டச் சொன்னார். அவள் விரல் நுனியில் எடுத்துக் காட்டியதை மருந்துத் தராசில் போட்டார். மூன்று பேருக்கும் சேர்த்துக் கூட்டினாலும் பத்து கிராம் வரவில்லை.

"தரையில சிந்தியிருக்கும்" என்றார் டாக்டர்.

"மேசைக்கு அடியில கூட்டிப் பாத்துட்டேனுங்க. ஒரு கிராம் கூட இல்லை. முப்பது கிராம் காணோம் சார். யாரோ ஒரு கை அள்ளிட்டுப் போயிருக்காங்க."

டீச்சர் அந்தச் சிறுமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டார்.

"கண்ணு, வேற யார் எடுத்தாங்க?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சாமி, யாரையும் திட்டமாட்டேன். இங்க பாரு. அது உப்பு இல்லை. தெரியாம இன்னும் யாராச்சும் தின்னுருவாங்க."

"அவங்கப்பன் அடிப்பாருங்க டீச்சர்."

"அடிக்க விடமாட்டேன். யாரு சொல்லு."

"பொன்னிங்க. அவங்க ஊட்டுல உப்பு தீந்து போச்சுங்களாம். மழையில கடைக்குப் போக முடியாதுன்னு, காயிதத்துல மடிச்சு எடுத்துட்டுப் போனா."

பொன்னி விடுதியில் தங்காதவள். மழைக்காக வெளியூர்ப் பிள்ளைகளை மதியமே அனுப்பிவிட்டிருந்தார்கள். ஊர், மலைக்காரர்கள் பெரக்கரை நாடு என்று சொல்லும் பகுதியில். ஜீப் பாதி தூரம் போகும், மீதி நடை. டாக்டர் மூன்று பிள்ளைகளையும் விட்டு வர முடியாது. என்னையும் டீச்சரையும் போகச் சொன்னார். ஜீப் வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, டீச்சர் மருந்துத் தராசின் முன்னால் நின்று பேதி உப்பைப் பொட்டலம் பொட்டலமாக நிறுத்துக்கொண்டிருந்தார். "நேரமாகுதுங்க, அள்ளிப் போட்டுட்டு வாங்க!" என்று கத்தினேன். வாழ்க்கையில் அவரிடம் நான் கத்தியது அந்த ஒருமுறைதான். அவர் தராசின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசிப் பொட்டலத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டுதான் ஏறினார்.

ஜீப்பில் அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. "ஓதறீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. முப்பது கிராம்னா எத்தனை பேருக்குன்னு பாத்துட்டிருக்கேன்."

பாதை முடிந்த இடத்தில் இறங்கினோம். அங்கிருந்து டீச்சர் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. வழுக்குகிற களிமண் ஒற்றையடிப் பாதையில், காப்பிச் செடிகளைப் பிடித்துக்கொண்டு, செருப்பு எங்கே போனது என்று கூடப் பார்க்காமல் ஓடினார். பொன்னியின் வீட்டை நாங்கள் கேட்டுக் கண்டுபிடித்தபோது உள்ளே புகையாக இருந்தது. பொன்னியின் அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். களியின் மேல் அவரைக்கொட்டைக் குழம்பை அம்மா ஊற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், தட்டைக் காலால் தள்ளி, குழம்புச் சட்டியைப் பிடுங்கி வாசலில் வைத்தார்.

அந்த மனிதர் எழுந்தார். பக்கத்தில் சாத்தியிருந்த கொடுவாள் அவர் கையில் இருந்தது. "யாரு நீ? ஊட்டுக்குள்ள பூந்து சோத்துல கால் வெக்கறே?"

"பள்ளிக்கூடத்து டீச்சருங்க. உங்க பொண்ணு கொண்டாந்தது உப்பு இல்லீங்க, விஷம். அது எங்கீங்க?"

அம்மா அடுப்புக்கு மேலிருந்த பரணைக் காட்டினாள். நோட்டுத் தாளில் மடித்த பொட்டலம். டீச்சர் அதை உள்ளங்கையில் ஏற்றி இறக்கினார்.

"பாதிதான் இருக்கு. குழம்புக்கு எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு கைங்க."

"எந்தக் கை? உங்க கைங்களா, புள்ளை கைங்களா?"

அந்த அம்மா மிரண்டுபோய்த் தன் கையை நீட்டிக் காட்டினாள். கொடுவாளோடு நின்றவர் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையைப் பார்த்தார்.

"யார் யார் சாப்பிட்டீங்க?"

"நாங்க இன்னும் சாப்புடலீங்க. பொன்னி நெல்லிக்காய்க்குத் தொட்டுத் தின்னா. சின்னவன் பசி தாங்காம அழுதான். அவனுக்குத்தான் மொதல்லயே ஊட்டி விட்டுட்டனுங்க. தின்னுட்டுத் தூங்கிட்டான்."

அவன் தூங்கவில்லை. மூலையில் சாக்கின் மேல் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான். நாலு வயது இருக்கும். காலைத் தூக்கிவிட்டேன், தொப்பென்று விழுந்தது. வாயோரம் வாந்தி காய்ந்திருந்தது. டீச்சர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கலக்க, நான் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். விழுங்கினான். ஒவ்வொரு மடக்குக்கும் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பொன்னி கதவுக்குப் பின்னாலிருந்து அழுதுகொண்டே வந்தாள். அவளுக்கு இன்னொரு பொட்டலம்.

பையனை அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பு வரை ஓடினார். கொடுவாள் வாசலிலேயே கிடந்தது. சுகாதார நிலையத்தில் டாக்டர் மார்பில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "துடிப்பு விட்டு விட்டு வருது. சேலத்துக்குக் கொண்டு போயிருங்க" என்றார். மற்ற மூன்று பெண்களும் தேறிக்கொண்டிருந்தார்கள். பொன்னியை அப்பாவோடு அங்கேயே விட்டோம். பையனோடு அம்மா, டீச்சர், நான்.

மழைத் தண்ணீர் ரோட்டின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி திருப்பினார். ஒவ்வொரு திருப்பத்திலும் பையனின் தலை ஒரு பக்கம் சரிந்தது. அம்மா அதை எடுத்து நேராக வைப்பாள். அடுத்த வளைவில் மறுபடி சரியும். டிரிப் பாட்டிலை உயர்த்திப் பிடித்திருந்த என் கை மரத்துப் போனது. டீச்சர் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

சேலம் பெரியாஸ்பத்திரியில் மூத்த மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "வயித்துல இருந்ததைக் கட்டிட்டீங்க. ரத்தத்துல ஏறினது ஏறினதுதான். அதுக்குப் பொட்டாசியம் ஏத்திப் பாப்போம். மூச்சுத் தசை தாங்கிச்சுன்னா பொழைப்பான்" என்றார். உள்ளே கொண்டு போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். விடிந்து வெகுநேரம் ஆகியும் உள்ளிருந்து யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மா முந்தின நாள் குழம்புக் கறை படிந்த புடவையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. திடீரென்று டீச்சரின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க டீச்சர். என்ற பையன் பொழைச்சுக்குவானுங்களா?"

டீச்சருக்குக் கணக்கு தெரியும். சட்டியில் எவ்வளவு போனது, அதில் பையன் தட்டுக்கு எவ்வளவு வந்திருக்கும், அந்த எடையுள்ள உடம்பு எவ்வளவு தாங்கும், எல்லாவற்றையும் வழி நெடுகப் போட்டு முடித்திருப்பார். அந்தக் கணக்கு நல்லதாக இல்லை என்று அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். சொல்லாதீர்கள் என்று அவர் கையை அழுத்தினேன்.

"பொழைச்சுக்குவானுங்க" என்றார் டீச்சர்.

எவ்வளவு நேரத்தில், எந்த அளவுக்கு, எதை வைத்து? ஒன்றும் இல்லை. அந்த ஒரு சொல் மட்டும்தான். அம்மா மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். டீச்சர் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே இருந்தார். பின்னால் குடத்தோடு நின்ற பெண் சலித்துக்கொள்ளும்வரை கழுவினார்.

பையன் பிழைத்தான். அன்று மதியத்துக்கு மேல் மூச்சு சீரானது. அடுத்த நாள் கால் கட்டைவிரலை அசைத்தான். ஐந்து பிள்ளைகளில் யாரையும் இழக்கவில்லை.

மலைக்குத் திரும்பியதும் எல்லோரும் டீச்சரைக் கொண்டாடினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு மறுபடி பொன்னி வீட்டுக்குப் போனார். "இன்னும் நாலஞ்சு கிராம் கணக்குல வரலீங்க" என்றார். பொன்னியின் பள்ளிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, தையல் ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தார். பொன்னியின் அப்பா பிற்பாடு குழம்பைக் கொட்டியிருந்த இடத்தைத் தோண்டி, பேதி உப்புத் தண்ணீரை ஊற்றி மூடினார். ஊரார் தூரத்தில் நின்று பார்த்தார்கள். கோழியை ஓட்டக்கூட யாரும் பக்கத்தில் வரவில்லை.

பிறகு விசாரணை வந்தது. ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் உள்ளூர்க்காரர், அவர் தலையில் போட்டு முடித்துவிடலாம் என்று பள்ளியில் பேசி வைத்திருந்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி டீச்சரைப் பாராட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தாராம். டீச்சர் பாராட்டை நடுவிலேயே நிறுத்தியிருக்கிறார். "பாட்டிலைத் திறந்து கால் மோல் எடுத்தது நானுங்க. கழுத்துல அட்டை கட்ட வேண்டியதும் நான்தான். மணியடிச்சுது, அப்புறம் கட்டிக்கலாம்னு போயிட்டேன். அவர் மேல எழுதாதீங்க." டீச்சருக்குக் கடலோர மாவட்டம் ஒன்றுக்கு மாற்றல் வந்தது. "பேசாம இருந்திருக்கலாம்ல டீச்சர்" என்றேன். "அவரோடதையும் என்னோடதையும் ஒண்ணாச் சேத்து நிறுக்கச் சொல்றீங்களா?" என்றார்.

அவர் கிளம்பிய அன்று பஸ் நிற்குமிடத்துக்குப் பொன்னியின் அம்மா வந்தாள். பையனை நடத்தியே கூட்டி வந்திருந்தாள். அவன் கொஞ்சம் தத்தித் தத்தி நடந்தான், ஆனால் நடந்தான். டீச்சர் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பஸ் வரும்வரை மூவரும் எதை எதையோ பேசிக்கொண்டிருந்தோம். பஸ் வளைவில் தெரிந்ததும் டீச்சர் அவசரமாக அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் ஒண்ணு சொன்னனுங்க. எனக்கு அது தெரியாதுங்க. கணக்குப் பாத்தா வேற மாதிரிதான் வந்துச்சு. தெரியாமயே பொழைச்சுக்குவான்னு சொல்லிட்டேன். அதை உங்ககிட்டச் சொல்லாமப் போக மனசு வரலை."

அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமுங்க டீச்சர். உங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுது."

"அப்புறம் எப்படிங்க நம்புனீங்க?"

"நம்புலீங்க" என்றாள் அவள். "ஆனா யாராச்சும் ஒருத்தர் சொல்லோணுமில்லீங்க."

டீச்சர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். கேட்கவில்லை. பஸ் வந்து நின்று, கண்டக்டர் அவருடைய டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிய பிறகும் பையனை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.